சூட்டியின் தாத்தா

வெள்ளவத்தை,
ஐப்பசி வெள்ளி

அன்பு மகள் சாருஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், மழை தொடங்கியதில் அப்பாவுக்கு முழங்கால் நோகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும், நீ அழத் தொடங்கினால் நானும் வைத்துவிடுவேன், அதுதான் எழுதுகிறேன். உஷாந்தி மாமியின் மகன் லவன் வருகிற கிழமை மெல்பேண் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். மாமி உனக்கு மிளகாய்த்தூளும் தருகிறாவாம்.

மகள், டிசம்பரில் லீவு எடுத்து வருகிறேன், அதுவரைக்கும் சூட்டியை வைத்திருங்கோ என்று நீ கேட்டாய். அப்பாவும் ஓம் என்றார். பிறகு நீ வருவதற்கு முன்னமே அந்த நாய் நோவில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டாகிவிட்டது. அன்றிலிருந்து நீ என்னோடு மட்டும் கதைக்கிறாய், அப்பா எடுத்தால் எடுக்கிறாயில்லை. உன் கோபம் எனக்கு விளங்குகிறது, காம்பஸில் படிக்கிற காலத்தில் அதை ஒழுங்கை முனையில் இருந்த சிங்கள ரீச்சரிடம் கேட்டு வாங்கி, மழையில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தவள் நீ. ஆனால் நீ போன பிறகு அது அப்பாவின் பிள்ளையாகிவிட்டது. ரீச்சர் வீட்டில் பழகியதால் அதற்குத் தமிழில் எது சொன்னாலும் ஏறாது. ஓட்டோக்காரனிடம்கூட என்னைக் கதைக்கவிட்டுப் பின்னால் நிற்கிற மனிசன், அந்த நாயோடுதான் கூச்சமில்லாமல் சிங்களம் கதைத்தார். ரீச்சரின் மனிசன் சொன்னதைப் பார்த்துத் தன்னையும் அதற்குத் தாத்தா என்றுதான் சொல்லுவார். சிங்களத்தில் அது அப்பா என்று நமக்குத் தெரியும், ஊரிலேயே இருக்கிற உஷாந்தி மாமிக்கு எங்கே தெரியப்போகிறது? ஒருநாள் போனில் அப்பா பின்னால் தாத்தா, தாத்தா என்று கொஞ்சுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “எடி, சாருஜாவுக்குக் குழந்தை பிறந்ததை எனக்கு மட்டும் ஒளிச்சுப்போட்டியளோ?” என்று சண்டைக்கு வந்துவிட்டா. உனக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை என்பதை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

முன்னங்காலை நொண்டியபோது சுளுக்கு என்று நினைத்து அப்பா நல்லெண்ணெய் பூசி நீவிவிட்டார். எக்ஸ்றே எடுத்த பிறகுதான் எலும்பில் கான்சர் என்று தெரிந்தது, அது உனக்குத் தெரியும். கடைசி நாட்களில் நெஞ்சுக்கும் போய்விட்டதை நாங்கள் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, நீ அங்கே தனியே இருக்கிறாய் என்றுதான். படுத்தால் அதற்கு மூச்சு வராது, இருந்தபடியே தூங்கித் தூங்கி விழும். மத்தியானம் முழுக்க அப்பா நிலத்தில் இருந்து அதன் தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருப்பார், அப்போது மட்டும் கொஞ்சம் கண் மூடும். கை மாற்றுவோம் என்று நான் போனால் தலையை ஆட்டி வேண்டாம் என்பார். பிறகு அவர் எழும்ப முடியாமல் நான்தான் தூக்கிவிட வேண்டும். பாணைப் பாலில் தோய்த்துக் கொடுத்தால் அவர் மனம் நோகக்கூடாது என்பதுபோல ஒரு நக்கு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் டொக்டருக்குப் போன் எடுக்கச் சொன்னார். பிள்ளையிடம் ஒரு சொல் கேட்போம் என்றேன். கேட்டால் அவள் மாட்டேன் என்பாள், அதற்குப் பிறகு தன்னால் முடியாது என்றார். “அவள் என்னோட கோவிச்சால் பிறகு சமாதானப்படுத்தலாம். இதுக்கு இப்ப மூச்சு வருகுதில்லை” என்றார். இந்தச் சொல்லை அவர் உனக்குச் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

தெஹிவளைக்கு ஓட்டோவில் போனோம், மடியில் அவர்தான் வைத்திருந்தார். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். பழகின குரல் கேட்டால் அது பயப்படாது, கதைத்துக்கொண்டிருங்கோ என்றாள். இவர் வேறு ஆட்கள் முன்னால் சிங்களம் கதைக்கமாட்டாரே என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து அதன் காதோடு, “பய வென்ன எபா புத்தே, தாத்தா மெதன” என்றார். பயப்பிடாதே, அப்பா இங்கேதான் என்று. மூச்சு நிற்கும்வரைக்கும், நின்ற பிறகும் அதையேதான் சொன்னார். அந்த டொக்டர் பிள்ளை எதையோ எடுப்பதற்கென்று அலுமாரிப் பக்கம் திரும்பினவள், நெடுநேரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

சூட்டியோடு போனதுபோல இப்போதும் பின்னேரம் அப்பா தனியே றெயில் பாதையைக் கடந்து கடலடிக்குப் போய், ஐந்துக்கு முன்னம் வந்துவிடுகிறார். நீ போனை எடுக்காவிட்டால், வேலையாய் இருப்பாள் என்று தானே சொல்லிக்கொள்வார். முந்தநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் நான் செய்தது பிழையோ என்று கேட்டார். இல்லை என்றேன். நான் இல்லை என்று சொல்வது அவருக்குப் போதாது மகள், அதை உன்னிடம்தான் கேட்கக் காத்திருக்கிறார். நீ சூட்டியைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம், சாப்பிட்டீங்களோ என்று கேட்டால் போதும், அவருக்கு விளங்கும்.

குளிருக்குக் காலுறை போட்டுப் படு, வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே, டிசம்பர் ரிக்கெற்றை மாற்றாதே, உனக்கு நல்லதெல்லாம் கூடிவரும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு எங்கள் நேரப்படி பின்னேரம் ஐந்து மணிக்கு என்னுடைய நம்பருக்கு எடு. நான் போனை மேசையில் மறந்துவைத்ததுபோல வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன்.

என்றும் உன்னை வாழ்த்தும்
அம்மா
அருந்ததி கதிர்காமநாதன்