பகலில் இறங்கிய ஷட்டர்

மார்ச் 4, புதன்

நேற்று டயாலிசிஸ். இன்று உடம்பு லேசாக, குஷியாக இருக்கிறது. இவர் கீழே சலூனைத் திறக்கப் போகுமுன் என் கன்னத்தைத் தொட்டார். ஆகா என்று கண்ணை மூடினால், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறாராம்! டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த என் இடது கைக்குப் பயந்து, கட்டிலை விட்டுவிட்டு ஹாலில் படுக்கிற மனுஷன். எனக்கு நர்ஸ் வேண்டாம், புருஷன் வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன், இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "தாராளமா சேர்ந்து இருக்கலாம். அந்தக் கை மேல பாரம் மட்டும் போடாதீங்க. கர்ப்பம் தங்காம பாத்துக்குங்க. களைப்பா இருந்தா இன்னொரு நாள்."

இவர் சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். காது செக்கச்செவேல்!

மார்ச் 6, வெள்ளி

ராத்திரியானால் துவண்டுவிடுகிறேன். "மத்தியானம் மேல வாங்களேன்."

"கடை?"

"ஷட்டரை இறக்குங்க."

பேந்தப் பேந்த விழித்தார்.

மார்ச் 11, புதன்

வந்தார்! சென்ட் வேறு!

"வலிக்குதா?"

"இன்னும் தொடவே இல்லையே!"

சிரித்துச் சிரித்துப் புரையேறியது. என் இடது கையைத் தலையணை மேல் பத்திரமாக வைத்தார். கழுத்தில் அவர் மூச்சு... ஐயோ, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்போதா கதவைத் தட்டவேண்டும்? நாத்தனார்! பின்னால் சலூன் வாடிக்கையாளர்கள். வாசலில் டாக்ஸி தயார். பகலில் கடை மூடினால் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

"அண்ணிக்கு என்னண்ணா ஆச்சு?"

இவர் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். நாத்தனார் என் கலைந்த தலையைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள். "அண்ணி நல்லாத்தான் இருக்காங்க, எல்லாரும் கிளம்புங்க" என்று கூட்டத்தை விரட்டினாள். மானம் கப்பலேறியது. போகட்டுமே!

மார்ச் 12, வியாழன்

"இனி கடைய மூடினா தெருவே சிரிக்கும்" என்கிறார். திரும்பவும் ஹால். அவ்வளவுதானா? எனக்கு இனி மாத்திரையும் ஊசியும் மட்டும்தானா? தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

மார்ச் 13, வெள்ளி

மத்தியானம் ஷட்டர் சத்தம்! மூச்சிரைக்க மேலே வந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஐயையோ, என்னன்னு?"

"அவ நல்லா இருக்கா, அதான் மூடுறேன்னு."

யாரும் கதவைத் தட்டவில்லை. அப்புறம் என் இடது கையில் காதை வைத்து, "உள்ள ரத்தம் ஓடுறது புர்ர்னு கேக்குதுடி" என்றார். இத்தனை நாள் பயந்த கை!

மார்ச் 16, திங்கள்

விடிந்துவிட்டது. கட்டிலில் முக்கால்வாசி இவருக்கு. காதருகே குறட்டை, என் மேல் அவர் கால். என்ன கனம்! எடுக்கச் சொல்லவில்லை.