எட்டு சுவிட்சும் ஒரே வரிசையில்

என் தலையில் ஒரு குட்டு வைத்து, அடுத்த நிமிஷமே காபியும் கலந்து கொடுக்கும் செலின் அண்ணிக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அண்ணன் மெழுகுவத்தியும் செவ்வந்தியும் வாங்கி வைத்திருக்கிறார். "நீயும் வர்றியா?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு அது வேண்டியதுதான்.

மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக் கடையில் நீங்கள் வைத்துக் கொடுத்தீர்களே, அந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். எட்டு கவுன்டருக்கு எட்டு டெர்மினல், எட்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி, அந்தப் பெட்டிக்குள் எட்டு ஒயரும் வந்து சேரும் ஒரே கார்டு. சித்திரை வெயிலில் நாலு நாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் கிடந்தீர்கள். மெஷினைக் கூப்பிடும் மணி மாதிரியான ஒரே இன்டரப்டுக்குக் கார்டும் பிரிண்டரும் அடித்துக்கொள்கின்றன என்று கண்டுபிடித்து, கார்டிலிருந்த ஜம்பர் என்ற சின்னச் செருகியைப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினீர்கள். பிறகு டிரைவர் ஃபைலைத் திருத்தி, மெஷினை ஓட்டும் யூனிக்ஸ் புரோகிராமைத் திரும்பக் கட்டி, மெஷினை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, மறுபடி போட்டு! வேட்டி செக்‌ஷன் ஆட்கள் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இதுக்கு ஒரு ஆம்பளை கிடைக்கலையா?" என்று ஒருத்தன் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கார்டின் ஓரத்தில் எட்டுக் குட்டி சுவிட்சுகள். "இதுதான் ஜெசி, கார்டோட விலாசம். டிரைவர்ங்கற புரோகிராம் இந்த விலாசத்துக்குத்தான் வந்து கதவைத் தட்டும். வீட்டு நம்பரை மாத்திட்டுத் தபால்காரனைத் திட்டக்கூடாது" என்றீர்கள். மேலே, மேலே, கீழே, மேலே, கீழே, கீழே, மேலே, கீழே என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் ஒரு தாளில் எழுதினேன். அடியில் 'தொடாதீங்க' என்று சிவப்பு மையில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டினோம். எட்டுத் திரையிலும் லாகின் வந்து நின்றதும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினீர்கள். அப்புறம் ஆடியிலேயே மஞ்சள் காமாலை வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஆயுத பூஜைக்குக் கடையையே கழுவினார்கள். கத்தரிக்கோல், அளவுக் கோல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். "உள்ளதானே வேலை நடக்குது, வெளிய பொட்டு வெச்சா எப்படி?" என்று மூடியைக் கழற்றச் சொன்னார். ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் உள்ளே தூசி தட்டினார். உங்கள் தாளைப் பார்த்து, "என்ன இது லட்சணம் கெட்டு?" என்று கிழித்துவிட்டு அந்த இடத்தில் சரஸ்வதி படத்தை ஒட்டினார்.

அப்போது சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? நான்தான். 'தொடாதீங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. பூஜை நேரத்தில் கோயிலுக்குப் போகாத பெண் குறுக்கே பேசுகிறாள் என்று நினைப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். அப்புறம் எல்லோரோடும் உட்கார்ந்து பொரியும் கடலையும் தின்றேன்.

விஜயதசமி காலை மெஷினைப் போட்டால் பெட்டிமேல் இருக்கும் திரை மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எட்டும் கறுப்பு. தீபாவளிக் கூட்டம் வாசலில். கையால் பில் எழுதச் சொல்லி ஒரே களேபரம். மேனேஜர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அந்தம்மா அரைகுறையா வெச்சுட்டுப் போயிடுச்சு, நான் அப்பவே நெனச்சேன்" என்றார். எப்போது நினைத்தார்? ஆறு மாதம் அது ஓடியபோதா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ராகவன் என்ற இன்ஜினியரை வரவழைத்தார்கள். உங்கள் கம்பெனி ஆள் இல்லை, மேனேஜருக்குத் தெரிந்தவர். அவர் மூடியைத் திறக்கப் போனார். "பூஜை போட்ட பெட்டிங்க, உள்ளே நானே சுத்தம் பண்ணேன், அங்க ஒண்ணும் இல்லை" என்று மேனேஜர் தடுத்துவிட்டார். அந்த மனுஷரும் சரியென்று உட்கார்ந்து, நீங்கள் எழுதிய டிரைவர் ஃபைலில் விலாசத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு நாள் யூனிக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் திரையில் 'கார்டு இல்லை' என்றுதான் வந்தது. கடைசியில், "நன்னா பார்த்தாச்சு, கார்டே போயிடுத்து. வெச்சவா தப்பா வெச்சிருக்கா" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் குமட்டுகிறது. நீங்கள் வேலை பார்த்த கம்பெனிக்கு மேனேஜர் ஒரு கடிதம் டைப் அடித்தார். வைத்தவர் செய்த தவறால் கார்டு கெட்டுவிட்டது, ஆகவே வேறு கார்டு இலவசமாகத் தர வேண்டும் என்று. அதை என் முன்னால் நீட்டினார்.

"நீ போடும்மா கையெழுத்து. நீ அவங்க வீட்டுப் பொண்ணு. நீ சொன்னா மறுபேச்சு இருக்காது."

சீ! என்ன மூளை பாருங்கள். வீட்டுப் பெண் கையாலேயே குத்த வேண்டுமாம். சுற்றி எட்டு கவுன்டர் ஆட்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? போட்டேன் அண்ணி. தேதியோடு, அழகாக, நீங்கள் பழக்கிய அதே கையெழுத்து. அவரைவிட என்னை நினைத்தால்தான் எனக்கு அதிக அருவருப்பு.

மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. எல்லோரும் மாடிக்குச் சாப்பிடப் போன நேரம் மூடியைக் கழற்றினேன். எட்டு சுவிட்சும் மேல்பக்கமாக ஒரே வரிசையில் நின்றன. மேலே காய்ந்த சந்தனம். கோணல்மாணலாக இருக்கிறதென்று மனுஷர் நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி நேராக்கியிருக்கிறார்! நகத்தின் தடம்கூடச் சந்தனத்தில் பதிந்திருந்தது.

மெஷினை அணைத்தேன். சந்தனத்தைச் சுரண்டினேன். மேலே, மேலே, கீழே என்று நீங்கள் சொன்ன வரிசை ஜெபம் மாதிரி வாயில் வந்தது. டிரைவர் ஃபைலுக்கு, எட்டும் ஓடிய அன்றே 'பழசு' என்று நீங்கள் எடுத்து வைத்திருந்த பிரதியைத் திரும்பப் போட்டு, யூனிக்ஸைக் கட்டி, ஸ்டார்ட் செய்தேன். எட்டு லைன் இருக்கிறது என்று திரையில் வந்தது. கவுன்டர்களில் ஒவ்வொன்றாக லாகின் எழுந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மேனேஜர் ஏப்பம் விட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "அப்பாடா, சரஸ்வதி கண்ணைத் திறந்துட்டா!" என்றார். சுவிட்சையும் சந்தனத்தையும் சொன்னேன். முகம் கொஞ்சம் வெளுத்தது. அவ்வளவுதான்.

"அந்தக் கடுதாசியைத் திருப்பி வாங்கிடலாங்க" என்றேன்.

"அது காலையிலயே போயிடுச்சும்மா. விடு. செத்துப் போனவங்களுக்கு அதனால என்ன ஆகப்போகுது?"

த்தூ. அந்த வாயால்தான் உங்கள் துக்கத்துக்கு வந்து, "தங்கமான பொண்ணு" என்றார்.

என்ன ஆனது என்று நான் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு, உங்கள் கம்பெனியில் முன்ஹால் சுவரில் மாட்டுவதற்கென்று அண்ணனிடம் உங்கள் படம் கேட்டு வாங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்தது, ஒற்றை ஜடையோடு. அந்தப் படம் பத்து நாளைக்கு முன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கூடவே என் கடிதத்தின் நகல். அண்ணன் இரண்டு தடவை படித்தார். "இது உன் கையெழுத்தா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றேன். படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்தான்.

காரணம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சொன்னால் மன்னித்துவிடுவாரோ என்றுகூடப் பயமாக இருந்தது. ராகவனைத் தேடி ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். "தாயார் சத்தியமா, திறந்து பார்த்திருக்கணும். என் தப்புதான்" என்று அந்த மனுஷராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நானும் ஒன்று எழுதினேன். பிரஷ், நகம், சந்தனம், கிண்ணத்தைப் பிடித்திருந்த என் கை, எதையும் விடவில்லை. இன்று காலை அதை மேனேஜருக்குப் படித்துக் காட்டினேன்.

"இது வெளிய போனா உனக்கு இங்க வேலை இல்லை, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

கிளம்பும் முன் புதுத் தாளில் எட்டு சுவிட்சையும் வரைந்து, சிவப்பு மையில் 'தொடாதீங்க' என்று எழுதி, சரஸ்வதிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு வந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆட்சேபணை இருக்காது.

நாளைக்கு நான் உங்கள் கல்லறைக்கு வரமாட்டேன் அண்ணி. மெழுகுவத்தி பிடிக்க இந்தக் கைக்கு இன்னும் தகுதி வரவில்லை. நாளை மறுநாள் திங்கட்கிழமை கம்பெனி திறந்ததும் இரண்டு கடிதத்தையும் உங்கள் படத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆள் இல்லை, ஆணி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்லக்கூடாது. சுத்தியலும் ஆணியும் என் பையில் இருக்கின்றன. படம் சுவரில் ஏறின பிறகு அண்ணனைக் கூட்டி வந்து காட்டுவேன். அதற்கப்புறம்தான் உங்களிடம் வருவேன். இது சத்தியம்.

உங்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட,
உங்கள் நாத்தனார்
ஜெசி