மனோ அனுப்பிய சீனப் படங்கள்

ஏப்ரல் 22, புதன்

காலையிலிருந்து தூறல். குப்பைத் தொட்டி வெளியே வைத்தாயிற்று. இந்த வாரம் எடுப்பது மஞ்சள் மூடித் தொட்டியா பச்சை மூடித் தொட்டியா என்பது மனோவுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு லின் எதை வைத்திருந்தாரோ அதையே நானும் இழுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

மனோ நேற்றுச் சீனா போனாள். பதினொரு நாள் சுற்றுலா. கோயில் பெண்கள் பன்னிரண்டு பேர், தலைவி புஷ்பா. கல்யாணம் கட்டி முப்பத்தாறு வருஷத்தில் நான் இல்லாமல் ஒரு பயணம் போகாதவள். "உங்கட முழங்காலுக்கு அந்த மலையெல்லாம் சரிவராதப்பா" என்று அவளே முடிவெடுத்துவிட்டாள்.

கவனித்தவை:

விமான நிலையத்துக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாமாம், புஷ்பாவின் மகன் வருகிறானாம். வந்த காரில் புஷ்பா இல்லை. அவ நேரே அங்கே வருவாவாம்.

பெட்டிக்குள் நல்லெண்ணெய் ஒரு போத்தல். புதிதாக இடித்த சரக்குத்தூள் ஒரு போத்தல். சீனாவுக்கு இது எதற்கு? "அவங்கட சாப்பாடு ஒத்துவராட்டி என்ன செய்யிறது?"

போகும்போது சாமிப் படத்தைக் கும்பிட்டாள், அடுப்பை நிறுத்தியாயிற்றா என்று பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இப்படிச் சந்தேகப்படுவது எனக்கு ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்பாள் மனோ. இருபத்திரண்டு வருஷம் சுங்கத்தில் பார்சல் சோதிக்கிற வேலை. பெட்டியில் 'அன்பளிப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் பிரிப்போம். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது எனக்குத்தான், கண்ணுக்கு இல்லை.

மதியம் பாண், நேற்றைய பருப்பு.

ஏப்ரல் 23, வியாழன்

படங்கள் வந்தன, பதினான்கு. தெருவுக்குப் பதிலாகக் கால்வாய் ஓடுகிற ஓர் ஊர். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், கறுத்த ஓடு. தண்ணீர்வரை இறங்குகிற கற்படியில் ஒருத்தி கீரை அலசுகிறாள். வளைந்த கல் பாலத்தின் கீழே படகு. பிறகு மலைகள். தூண் தூணாக நிற்கின்றன, அடியில் முழுக்க முகில், உச்சியில் எப்படி முளைத்ததோ பைன் மரம். மதில் சுற்றிய பழைய நகரம் ஒன்று, வாசலுக்கு வாசல் சிவப்பு விளக்குக் கூடுகள்.

அழகுதான். அதில் பொய் சொல்லக்கூடாது. மலையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரை மணித்தியாலம் பார்த்தேன், தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.

ஆனால் மனோ ஒன்றிலும் இல்லை. புஷ்பா மூன்றில் இருக்கிறா, மூன்றிலும் வேறு வேறு தொப்பி.

மாலை மனோ போன் எடுத்தாள்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். அங்க இப்ப என்ன நேரம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆறரை."

என் மணிக்கூட்டிலும் ஆறரை. சீனா இந்தக் கங்காரு நாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் பின்னே. சொன்னேன். "ஐயோ, நான் இன்னும் மணிக்கூட்டை மாத்தேல்ல. அதைப் பாத்துச் சொல்லிப்போட்டன்."

நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சத்தமில்லாத இடம்? மணி பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. விடை தேடத்தான் ஆகும்.

ஏப்ரல் 25, சனி

பொது விடுமுறை. குளிர். ஹீற்றர் போட்டேன். மருந்துக் குளிசை எட்டு மணிக்கு எடுக்க மறந்து பத்துக்கு எடுத்தது.

மனோவின் அலுமாரியைத் திறந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவளுடைய பாஸ்போர்ட்டைத் தேடினேன். இல்லை. அப்பாடா என்று கதிரையில் இருந்தேன். பிறகு யோசனை வந்தது: விட்டுவிட்டுப் போகிறவளும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதானே போவாள்?

என் பயம் இதுதான், எழுதிவிடுகிறேன். மகள் போன மாதிரி இவளும் போய்விட்டாளோ.

மகள் தாரணி கஜனைக் கட்டிக் கொஞ்ச நாளில் நான் செய்த காரியம். நிரந்தர வேலை என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. பாங்கிலிருந்து கதைக்கிறேன் என்று அவனுடைய அலுவலகத்துக்கு எடுத்து விசாரித்தேன். அவனுடைய மேலாளர் என் குரலையும் என் இங்கிலீசையும் அவனிடமே நடித்துக் காட்டியிருக்கிறார். அறையே சிரித்ததாம், யாருடைய குரல் என்று கஜனுக்கு மட்டும் விளங்கியதாம். தாரணி வந்து இந்தக் குசினியில் அடுப்பருகே நின்று சொன்னாள்: "அப்பா, யூ ஓ ஹிம் அன் அப்பொலொஜி. அவரிட்ட மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் நான் வரமாட்டன்." தகப்பன் விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பது என்றேன். இப்போதும் அதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

சிட்னிக்குப் போய்விட்டார்கள், பிளாக்டவுன் பக்கம். மூன்று வருஷம். அவள் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போவேன். மனோவும் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெயில். லின் தோட்டத்தில் நின்றார். எழுபது வயது, சீனாவில் கட்டடப் பொறியாளராக இருந்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வேலியும் கொஞ்சம் இங்கிலீசும்.

படங்களைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி எடுக்க ஓடினார். கூரைக்கு மேலே படிப்படியாக எழும்புகிற வெள்ளைச் சுவரைத் தொட்டுக் காட்டினார். அழகுக்கு இல்லையாம். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்கக் கட்டுவதாம். ஒரு கோயில் தாழ்வாரத்தைப் பெரிதாக்கி, தன் விரல்களைக் கோர்த்துக் காட்டினார்: ஆணி கிடையாது, மரத்துக்குள் மரம், நிலம் நடுங்கினால் சேர்ந்து ஆடும். கால்வாய் ஊர் படத்தில் அதிக நேரம் நின்றார். அவருடைய மனைவி அந்தப் பக்கத்துக்காரியாம். மனைவி செத்து ஐந்து வருஷம்.

"எல்லாம் உண்மையான இடங்கள்" என்றார். நான் கேட்கவேயில்லை. பிறகு அவராகவே, "உங்கள் மனைவி எங்கே?"

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை என்றால் அது வருத்தமில்லை, விஷயம்.

ஏப்ரல் 27, திங்கள்

சீனி, பால், ஈரவெங்காயம். காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும்.

காலை பத்து மணிக்கு நானே எடுத்தேன்.

"உம்மையும் சேத்து ஒரு படம் அனுப்பும்."

"எனக்குப் படத்துக்கு நிக்கப் பிடிக்காதெண்டு தெரியுந்தானே."

"ஒண்டு. ஒண்டே ஒண்டு. நீர் போனதுக்கு அத்தாட்சியா."

"அத்தாட்சியோ? நான் என்ன உங்கட பார்சலோ?" என்று கேட்டுவிட்டு, பிறகு மெதுவாக, "சரி, நாளைக்கு ஒரு தோட்டத்துக்குப் போறம். அங்க எடுத்து அனுப்புறன்."

பின்னால் ஏதோ சத்தம், பூனை மாதிரி. கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

படம் வந்தது, பிற்பகல் இரண்டு பத்துக்கு. மனோ ஊதாக் கம்பளிச் சட்டையுடன் குளக்கரையில். பின்னால் நுனி வளைந்த மஞ்சள் கூரையோடு ஒரு மண்டபம், நெளிந்த பாறைகள், வில்லோ மரம். கீழே எழுதியிருந்தாள்: "சூசோ தோட்டம். சரியான வடிவு."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். மண்டபச் சுவரில் ஒரு பிளக் பொயின்ற், எங்கள் வீட்டில் இருக்கிற அதே வடிவம். பிடித்துவிட்டேன் என்று வீட்டுச் செருப்போடு லின்னிடம் ஓடினேன். லின் தலையை ஆட்டினார்: "சீனாவிலும் இதே பிளக்தான்." எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தோ என்னவோ படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். சூசோவில் கூரை இப்படி இராதாம். அங்கே பழைய தோட்டங்களில் சாம்பல் ஓடும் வெள்ளைச் சுவரும்தானாம். இந்த மஞ்சள் பளபளப்பை அங்கே தான் பார்த்ததில்லை என்றார்.

பிறகு பறவை. பாறையில் ஒன்று நிற்கிறது. வெள்ளை உடம்பு, மயிரில்லாத கறுத்த தலை, அரிவாள் மூக்கு. நானும் லின்னும் ஒன்றாகக் குனிந்தோம். இங்கே பூங்காவில் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுச் சிப்ஸ் இழுக்கிற அதே சனியன். லின் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "இது சிட்னி. நகரத்துக்கு நடுவில் இருக்கிற சீனத் தோட்டம். மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் சாப்பிட எடுத்த பணிஸை இந்தப் பறவை தூக்கிக்கொண்டு போனது."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தபோதுதான் படத்தின் ஓரம் கண்ணில் பட்டது. மனோவின் கால் பக்கத்தில் ஒரு சின்னச் சில்லு. குழந்தை வண்டியின் சக்கரம்.

சரக்குத்தூள் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கத்தான் அதை இடிப்பார்கள். நல்லெண்ணெயும் அதற்குத்தான். என் கண்ணுக்கு முன்னால் பெட்டிக்குள் வைத்தாள், நான் சீனச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

தாரணிக்குப் பிள்ளை. எனக்குத் தெரியாமல் ஒரு வயிறு ஒன்பது மாதம் வளர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 29, புதன்

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, மத்தியானத்துக்கு முன்னே போய்விட்டது. தோட்டத்தில் இலை கூட்டினேன். முழங்கால் வலி.

மனோவுக்குப் பொய் வராது. மீன்காரனின் முகத்துக்காகக்கூடப் பழைய மீனை நல்ல மீன் என்று சொல்லத் தெரியாதவள். அவள் உண்மையாகவே சீனா போன பெண்களைக் கூட்டுச் சேர்த்து, புஷ்பாவின் வாயைக் கட்டி, அவர்கள் எடுக்கிற மலையும் ஆறும் பழைய நகரமும் தினமும் வாங்கி வாங்கி எனக்கு அனுப்பியிருக்கிறாள். மகளிடம் போகிறேன் என்று ஒரு வரி சொல்வதைவிட அவளுக்கு ஒரு முழுச் சீனா இலகுவாக இருந்திருக்கிறது. அப்படி ஒரு ஆளாக நான் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 30, வியாழன்

மாலை ஐந்தேகாலுக்கு மனோ எடுத்தாள். "இண்டைக்கு ஒரு பழைய மதில் நகரம். பஸ்ஸில போய்க்கொண்டிருக்கிறம்." பின்னால் பிள்ளை அழுகிறது.

"ஆர் அழுறது?"

"பஸ்ஸில ஒரு சீனப் பிள்ளை."

"பசியாக்கும். தாரணியிட்டக் குடும்."

பிறகு மனோ அழுகிற சத்தம். "எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"ரெண்டு நாளாச் சும்மா இருந்தனீங்களோ?"

"ஓம்."

அதைத்தான் அவள் நம்பவில்லை. கஜனிடம் குடும் என்றேன். குசுகுசுப்பு, கதவு சாத்துகிற சத்தம். "சொல்லுங்கோ மாமா" என்றான். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் செய்தது பிழை தம்பி. மன்னிச்சுக்கொள்ளும்." அவ்வளவுதான் வந்தது.

அவன் சொன்னான்: "வேலை இப்பவும் பெர்மனன்ற்தான் மாமா." சிரித்தானா, குத்தினானா? இரண்டும் இருக்கும். இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு.

தாரணி கதைக்கவில்லை. மனோதான் திரும்ப வாங்கிச் சொன்னாள். "வரச் சொல்லுறாள். ஆனா ஒரு கேள்வியும் கேக்கக்கூடாதாம். ஒண்டும். என்னட்டையும் கேக்கக்கூடாதாம், கஜனிட்டையும் கேக்கக்கூடாதாம். அவளே சொல்லுறதை மட்டும் கேக்கவேணுமாம்."

"ஓம் எண்டு சொல்லும்."

ஆணா பெண்ணா என்று வாய்வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

மே 1, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. நாளைக் காலை ஏழு மணி விமானம். லின்னிடம் வீட்டுச் சாவி கொடுத்தாயிற்று. குளிசை, சவரப்பெட்டி, முழங்கால் பட்டி.

குழந்தை உடுப்புக் கடைக்குப் போனேன். கடையில் நின்ற பெண் அன்பாக வந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்டாள். தெரியாது என்றேன். எத்தனை மாதம்? தெரியாது. சட்டையில் பெயர் தைத்துத் தரலாம், பெயர் என்ன? தெரியாது. யாருடைய பிள்ளை என்றாள். என் மகளுடையது என்றேன். அவள் போய் மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள்.

நானென்றாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். எந்தப் பிள்ளைக்கும் சரிவரும் என்று மஞ்சளில் ஒன்று எடுத்தேன்.