மாந்தோல் பொடியும் பன்னிரண்டு கன்றுகளும்

ஆகஸ்ட் 5, 2024
புத்தூர் பண்ணையில் இன்று ஆரம்பம். பன்னிரண்டு இளங்கன்றுகள். ஆறுக்குப் பாலில் மாந்தோல் பொடி, ஆறுக்கு வெறும் பால். சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் வெளியே கொட்டும் தோலைத்தான் காயவைத்து அரைத்திருக்கிறேன். இது கன்றுக்குத் தீனி அல்ல. அதன் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. அவை பெருகினால் கழிச்சல் குறையும் என்று நம்புகிறேன். நம்பினால் போதுமா? ஜனவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது.

கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் தேவசேனா அக்கா பொடியை முகர்ந்துவிட்டு, வாசனை நல்லா கீது என்றார்.

ஆகஸ்ட் 26
சாண மாதிரிகளைத் திருப்பதி லேபில் பார்த்தேன். இரண்டு பிரிவிலும் பாக்டீரியா ஒரே அளவு.

ஆகஸ்ட் 27
மறுபடி எண்ணினேன். வித்தியாசமே இல்லை.

ஆகஸ்ட் 29
சொல்லாமல் முதல் பஸ்ஸில் பண்ணைக்குப் போய் இறங்கினேன். வெறும் பால் கன்று ஒன்றின் வாயில் அக்கா பொடியைத் தடவிக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்!

"ஆறு துன்னுது, ஆறு பாத்துக்கினு நிக்குது. அதுங்க மூஞ்சப் பாத்துக்கினு எப்டிம்மா சும்மா கீறது?"

கத்திவிட்டேன். என் அஞ்சு வருஷம் போச்சேக்கா — இன்னும் என்னென்னவோ. ஒன்றுக்கும் கழிச்சல் வரவில்லையே, நல்லதுதானே என்றார். அழுகையாக வந்தது.

ஆகஸ்ட் 30
பன்னிரண்டும் நன்றாக இருக்கின்றன என்று எதையாவது எழுதி முடித்துவிடலாமா? யாருக்குத் தெரியும்? — சீ, என்ன யோசனை இது.

என் வழிகாட்டி விஜயராகவன் சாரிடம் எல்லாம் சொன்னேன். ஜனவரிக்குள் திரும்பச் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டார். முடிப்பேன் என்றேன்.

செப்டம்பர் 23
புதிதாகப் பன்னிரண்டு கன்றுகள். வேறு ஆளைப் போடட்டுமா என்று பண்ணை மேனேஜர் கேட்டார். வேண்டாம் என்றேன். அக்காவைப் போலக் கன்றை யார் பார்ப்பார்கள்? மாற வேண்டியது என் சோதனை முறைதான்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொடி உண்டு. ஏ, பி என்று இரண்டு டப்பா. ஒன்றில் மாந்தோல், இன்னொன்றில் அதே நிறத்துக்கு வறுத்து, வாசனைக்கு மாம்பழ எசென்ஸ் சேர்த்த மக்காச்சோள மாவு. எது எதில் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சார்தான் நிரப்பினார்; அதை எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "கழிச்சல் வந்தா அன்னிக்கே வைத்தியம் பாக்கணும். அதுக்கு ஒத்துக்கினா நானும் ஒத்துக்கறேன்."

ஒத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12
எனக்குக் காய்ச்சல். ஆனாலும் பண்ணைக்குப் போனேன்.

நவம்பர் 6
சார் உறையைப் பிரித்தார். மாந்தோல் ஏ டப்பாவில்தான். ஏ கன்றுகளில் நல்ல பாக்டீரியா கூடியிருக்கிறது. கழிச்சல் ஆறுக்கும் சேர்த்து ஏழு நாள். பி கன்றுகளுக்குப் பத்தொன்பது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் எழுதுவேன். முதல் சோதனை கெட்டதையும் எழுதுவேன்.

உடனே அக்காவுக்கு ஃபோன் செய்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"அப்ப மீதி ஆறுக்கும் இன்னிலேர்ந்து அத்தப் போட்லாமா?"

போடுங்கக்கா என்றேன். கட் செய்ய மறந்துவிட்டார் போல. டப்பா திறக்கும் சத்தமும், கன்றுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டுக்கொண்டிருந்தன.