ஐந்தாம் நாள் கையொப்பம்

மிஸ்,

இன்று பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் தபால்காரர் ஒரு தடித்த உறையைத் தந்துவிட்டுப் போனார். பிரிக்கும் முன்பே குளோரின் வாசனை வந்தது. உள்ளே நம் வகுப்புப் பதிவேடு. நீங்கள் பாத்திரம் கழுவிக் காட்டியபோது குளோரின் தண்ணீர் தெறித்து அட்டை வெளுத்த இடம் அப்படியே இருக்கிறது. ஒரு வருடமாக உங்கள் சுகாதாரக் கந்தோர் அலுமாரியில் கிடந்த கொப்பியில் அந்த வாசனை எப்படி மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தூரமாக வைத்தேன்.

கூடவே கந்தோரின் கடிதம் ஒன்று. ஐந்தாம் நாள் பக்கத்தில் நான் குத்தி அனுப்பிய குறிப்புத் தாளைக் கழற்றிவிட்டு மறுபடி அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால் மானியத்தின் இரண்டாம் பகுதி விடுவிக்கப்படும்.

அந்த மானியம் யாருக்கென்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் சமைத்து விற்கும் பெண்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க அரசாங்கம் ஒதுக்கிய பணம். முதல் பகுதி அக்குறணையில் எங்கள் பன்னிரண்டு பேருக்கு. ஐந்து வகுப்பும் முறையாக நடந்ததாகப் பதிவேடு காட்டினால்தான் மற்றப் பகுதி நாவலப்பிட்டிக்குப் போகும். அங்கே தேயிலைத் தோட்டத்தில் சோற்றுப் பார்சல் கட்டும் பெண்களின் பெயர்களை நாம் இருவரும்தான் பட்டியலிட்டோம். பார்சல் சோறு தின்ற ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து மயிரிழையில் பிழைத்த கதையை அவர்கள் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

முதல் நாள், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த சுகாதார உத்தியோகத்தர் என்றதும், ஏச வந்த ஆள் என்றுதான் நினைத்தோம். “கையைக் காட்டுங்கோ” என்றீர்கள். பக்கத்து வீட்டு ஃபாயிஸா இரண்டு கையையும் நீட்டி, “மருதாணி பார்க்கவா மிஸ், ஊத்தை பார்க்கவா?” என்றாள். முதலில் சிரித்தது நீங்கள்தான்.

பிறகு பதிவேட்டை விரித்தீர்கள். “ஐஞ்சு நாளுக்கும் இப்பவே ஒப்பம் வையுங்கோ. பிறகு அடுப்பில வைச்சிட்டு வந்தனான் எண்டு ஓடுவியள்.” எந்தக் கூட்டமானாலும் எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், முதல் நாளே எல்லாவற்றுக்கும் சைன். நாங்கள் வைத்தோம். நடத்துபவர் இடத்தில் நீங்களும் ஐந்து பக்கத்திலும் வைத்தீர்கள்.

“இன்ஷா அல்லாஹ் செல்லிட்டு வைங்க மிஸ்” என்றேன்.

“எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லுங்கோ ராத்தா. உயிரோட இருந்தாலும் இல்லாட்டிலும் ஐஞ்சு நாளும் வருவன்.”

அந்தச் சிரிப்பில் நான் சொல்ல மறந்துவிட்டேன்.

இரண்டாம் வகுப்பில், மானியப் பணத்தில் வாங்கிய ஊதா விளக்கைக் கொண்டு வந்தீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூளைக் கையில் பூசி, கழுவி, ஜன்னலை மூடி விளக்கைக் காட்டினால் கழுவாமல் விட்ட இடமெல்லாம் மின்னியது. “சவர்க்காரம் படாட்டி அது போகாது. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அங்கதான் இருக்கும்.”

நான்காம் வகுப்பில் மறுபடி அந்தத் தூள். அன்று நீங்கள் உட்காரவேயில்லை, தூள் பூசிய கையாலேயே கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றீர்கள். “சொகமில்லையா மிஸ்?” என்றேன். “களைப்பு. பஸ்ஸில நிண்டு வந்தது.” அதிலிருந்து மூன்றாம் நாள், நீங்கள் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை.

இனி வகுப்பில்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். ஆனாலும் ஐந்தாம் நாள், பகல் இரண்டு மணிக்கு, ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். “சைன் வெச்சாச்சே ராத்தா, வராட்டி அது பொய்யாப் போகுமே” என்றாள் ஃபாயிஸா. உங்கள் குறிப்புகளைப் பார்த்து நானே நடத்தினேன். கடைசியாக ஜன்னலை மூடி விளக்கைப் போட்டேன். எங்கள் கைகள் அநேகமாகச் சுத்தம். சுவரோரம் தள்ளி வைத்திருந்த உங்கள் கதிரையின் முதுகில் மட்டும் ஒரு கை மின்னியது. நான்கு விரல்கள், உங்களுக்கு மட்டும் வளைந்திருக்கும் அந்தச் சின்ன விரலோடு.

“மிஸ் வந்தீக்காங்க” என்று ஃபாயிஸா மெதுவாகச் சொன்னாள். நான் அந்தக் கதிரையைச் சவர்க்காரம் போடாமல் வெறும் துணியால்தான் துடைத்திருந்தேன், காரணம் அதுதான். தெரிந்தும் ஜன்னலைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அன்றே குறிப்பு எழுதினேன்: இது முதல் நாளே வைத்த ஒப்பம், இந்தத் திகதியில் அவர் உயிருடன் இல்லை, வகுப்பை நடத்தியவள் நான், என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

இன்று கந்தோருக்குப் போன் எடுத்தேன். பொறுப்பாக இருப்பவர் நல்ல மனிதர்தான். “ஒரு தாள்தானேம்மா, கழட்டுங்க. எறந்தவங்க வந்து கேக்கவா போறாங்க?” என்றார். போனை வைத்துவிட்டுப் பதிவேட்டை விரித்தேன்.

ஊசியைக் கழற்றினேன் மிஸ். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. தாளை எடுத்ததும் அந்தப் பக்கத்தில், மௌத்தாகி நான்காம் நாள், நீங்கள் எங்களுக்கு வகுப்பெடுத்திருந்தீர்கள். அந்தக் கையை இருட்டில் கண்டவள் நான். இது பொய்தான் என்று சட்டென்று சொல்ல என்னால் முடியவில்லை. நாவலப்பிட்டிப் பிள்ளையும் நினைவுக்கு வந்தது.

ஆனால் பொதுச் சல்லி அமானிதம், நம்பி ஒப்படைத்த பணம். மறுமையில் வாய் மூடப்பட்டுக் கைகள் பேசும் என்று ஓதி வளர்ந்தவள் நான். இல்லாத நாளுக்கு உங்கள் கையைச் சாட்சி நிறுத்தினால், அந்தக் கை அங்கே எழுந்து என்ன சொல்லும்? தாளை அதே ஓட்டையில் குத்தி, உறையை ஒட்டிவிட்டேன். பணம் வராது.

பிறகு நாவலப்பிட்டிப் பட்டியலில் முதல் பெயருக்குப் போன் எடுத்தேன். சல்லி கிடைக்காது, விளக்கோடும் சவர்க்காரத்தோடும் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றேன்.

“வாங்கம்மா. அந்த யாழ்ப்பாணத்து மிஸ்ஸும் கூட வருவாங்களா?”

சொன்னேன்.

“அப்ப அன்னிக்கு அவுங்களுக்கும் ஒரு எல போட்டுர்றோம்மா. எங்க பேர எழுதுனவுங்க இல்லையா.”

எங்கள் மார்க்கத்தில் இறந்தவருக்குச் சோறு படைக்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போவேன், அந்த இலைக்குப் பக்கத்தில் உட்காருவேன். எந்தச் சோற்றைக் கண்டாலும் நீங்கள் முதலில் கேட்பதை உங்கள் இலையைப் பார்த்தும் நான் கேட்டாக வேண்டும்: இது எத்தனை மணிக்கு ஆக்கினது?