உன் காதுக்குப் பின்னால் ஒரு வெட்டு

பாவா,

இன்று காலை மலையில் என் தகரப் பெட்டியைத் திறந்து அடியில் கிடந்த படிகாரத்தை எடுத்தேன். நீ வாங்கித் தந்தபோது தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது. இப்போது புளியங்கொட்டை அளவுதான் மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். நீ கண்ணை மூடி இரண்டு ஆடிக் கிருத்திகை முடிந்துவிட்டது. இன்னும் என்னைச் சிரிக்க வைக்கிறாய்.

உறவு ஒன்றும் இல்லாமலே பள்ளிக்கூட நாளிலிருந்து மச்சான் முறை வைத்து ஒருவரை ஒருவர் பாவா என்றுதான் கூப்பிட்டோம். நீ பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டப் போனாய். நான் முருகன் மலைக்கோயிலில் மொட்டை போடும் வேலைக்கு வந்தேன். வருஷம் தவறாமல் வந்து என் முன்னால்தான் தலையைக் குனிவாய். தொண்ணூறுகள் முடியப்போகிற அந்த வருஷமும் வந்தாய். கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றபோதுதான் உன் குறட்டைச் சத்தம் தனியாகக் கேட்டது என்று உன் வீட்டுக்காரி சொன்னதைச் சொல்லி, நீயே குலுங்கிச் சிரித்தாய். தலை ஆடியது. கத்தி உன் இடது காதுக்குப் பின்னால் இறங்கியது.

சின்ன வெட்டுதான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை. என் துண்டை வைத்து அழுத்தினேன். "பாவா, வெளியே சொல்லாதே. இருபது வருஷமா என் கத்தி ஒருத்தர் மேலயும் பட்டதில்லைன்னு சொல்லிகினு திரியறேன்" என்று உன் காதில் கெஞ்சினேன். "ஆங், நான் இன்னாத்துக்குச் சொல்றேன்" என்று சந்தனத்தை அள்ளி அப்பிக்கொண்டு இறங்கிப் போனாய்.

அன்று சாயங்காலம்தான் அடிவாரத்து விடுதி ஒன்றின் மேலாளரை யாரோ பின்னாலிருந்து மண்டையில் அடித்துவிட்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அடித்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தின நாள் வண்டி நிறுத்தும் தகராறில் அவரோடு நான் போட்ட வாய்ச்சண்டையைக் கடைத்தெருவே பார்த்திருந்தது. போலீஸ் என் வீட்டுக்கு வந்தது. துவைக்கப் போட்டிருந்த துணியில் அந்தத் துண்டு கிடைத்தது.

"ரத்தம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்கள். மொட்டை போடுகிறவன் துண்டில் ரத்தம் வருவது ஓர் அதிசயமா? ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் வாசலில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "என் கத்தி பட்டு ஒருத்தருக்கும் ரத்தம் வந்ததில்லை சார்" என்றேன். "அப்போ இது?" என்றார்கள். "தெரியாது" என்றேன். இப்படி ஒரு மடையனை நீ பார்த்திருப்பாயா?

துண்டில் இருந்தது ஓ வகை ரத்தம் என்று வந்தது. மேலாளருக்கும் ஓ. கொலை முயற்சி வழக்கு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "பத்து வருஷம் உள்ளே கிடப்பியா, இல்லை ஒருத்தனை வெட்டினேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வருவியா? வாயைத் திற பாவா." "மானம் போயிடும்" என்றேன். "உன் மானத்துக்கு என் காது கிழிஞ்சது போதாதா?" என்றாய். பக்கத்தில் நின்ற காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் கோர்ட்டில் சொன்னேன். கூட்டத்தில் மலை ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றார்கள். "வெட்டிட்டேங்க!" என்று கத்தினேன். நீ எழுந்து காதை மடக்கித் தழும்பைக் காட்டினாய். ஆனால் எதிர்த்தரப்பு விடுமா? முதலில் இல்லை என்றவன் இப்போது ஆமாம் என்கிறான், சிநேகிதன் சிநேகிதனுக்காக எதையும் சொல்வான் என்றது.

நம் வக்கீல் அம்மாதான் விடவில்லை. "ஓ வகை இந்த ஊர்லயே எத்தனையோ பேருக்கு இருக்கும். டி.என்.ஏ அப்படி இல்லை, அது ஆளுக்கு ஆள் வேற. துண்டு பத்திரமா இருக்கு, சோதிக்கச் சொல்லலாம்" என்றார். கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. மேலாளர் வந்து மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். "உண்மையா அடிச்சவன் யாருன்னு எனக்கும் தெரியணுமில்ல" என்றாராம். அடுத்தது நீ. ஆறடி உயரம், நாலு தறி ஓட்டுகிறவன், ஊசியைப் பார்த்ததும் கட்டை சாய்ந்த மாதிரி விழுந்தாயாம்! மேலாளர்தான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார் என்று வக்கீல் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சென்னையிலிருந்து அறிக்கை வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் எனக்குத் தூக்கம் இல்லை. கோர்ட்டில் படித்தார்கள். துண்டில் இருப்பது மேலாளரின் ரத்தம் இல்லை, உன்னுடையது. என்னை விட்டுவிட்டார்கள். நான் அழுதேன். நீ, "என் ரத்தம்தாங்க, நான் அப்பவே சொல்லலை?" என்று வராந்தா முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாய். அடித்தவன் பிறகு வேறொரு வழக்கில் பிடிபட்டு, இதையும் ஒப்புக்கொண்டான். மேலாளர் மலையேறி வந்து என்னிடமே மொட்டை போட்டுக்கொண்டார். அவர் தலையில் ஒரு கீறல் விழாமல் முடிக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் முருகனுக்குத்தான் தெரியும்.

விடுதலையான அன்றைக்கே நீ இந்தப் படிகாரத்தை வாங்கி வந்து என் மடியில் வைத்தாய். "இனிமே வெட்டினா வெட்டினேன்னு சொல்லு. சொல்லிட்டு இதைத் தடவு." அவ்வளவுதான் நீ சொன்னது.

இன்று உன் மகன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான், முதல் மொட்டைக்கு. உன் மாதிரியே பெரிய காது அந்தக் குழந்தைக்கு. யாரோ மயில் இறகைக் காட்ட, அது கெக்கெக்கென்று சிரித்தது. தலை ஆடியது. கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. மண்டபம் நிறையக் கூட்டம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டிட்டேன் பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உன் மகன் பிள்ளையின் காதை மடக்கிப் பார்த்தான். பிறகு உன்னைப் போலவே குலுங்கிச் சிரித்து, "எங்கப்பாவுக்கு வெட்டின அதே இடமா மாமா?" என்றான்.

அதே இடம்தான் பாவா. படிகாரத்தைத் தடவினேன், உடனே நின்றுவிட்டது.