அரை அடி உயர்த்திய வாசல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். வீடுதான் அவ்வளவு நலமாக இல்லை. எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று கண்டுபிடிப்பதற்குள் பசியே போய்விடுகிறது. பத்து நாள் என்று சொல்லிவிட்டு நீ மகன் வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். நான் எண்ணவில்லை. காலண்டர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் போனில் நீ சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "ரெண்டு பேரையும் வீட்டுக்கு வாங்கன்னு நீங்களே வாய் திறந்து கூப்பிடணும். அதுவரைக்கும் நான் அங்க வரமாட்டேன்." சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். நான் திரும்பவும் கூப்பிட்டேன், வாயையும் திறந்தேன். அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போனில் எனக்கு வராது. அதனால்தான் உளி பிடிக்கிற கையில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். நீ எதையும் உரக்கத்தான் படிப்பாய், அந்த இரண்டு பேர் காதிலும் விழும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் கடைவாய்ப் பல்லை மகனோடு இருக்கிற அந்த நெட்டையனே எடுத்துவிட்டானாமே. பல் டாக்டர் வீட்டிலேயே இருப்பது ஒரு வசதிதான். எடுத்த பிறகு ஒரு மணி நேரம் நீ பேசாமல் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாய் என்று சொன்னாய். நாற்பது வருஷமாக என்னால் ஆகாத காரியம். கைராசிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். அவன் உன்னை அத்தை என்று கூப்பிடுகிறான் என்று சொல்லும்போது உன் குரலில் என்ன ஒரு பெருமை! நான் உம் கொட்டினேன். பொறாமை என்று நீ நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்தாய்.

இங்கே ஸ்டுடியோவில் புது வேலை வந்திருக்கிறது. ஒரு டிவி தொடருக்கு வீடு கட்டுகிறோம். மூன்று சுவர் வீடு. நாலாவது சுவர் இருக்கும் இடத்தில் கேமரா நிற்கும். கதை, இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துவது. பாதிச் சிரிப்பு, பாதிக் கண்ணீர். எனக்கு அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை, வரைபடத்தை மட்டும் கொடுத்தார்கள். படுக்கையறையில் ஒரு பெரிய கட்டில் என்று போட்டிருந்தது. வரைந்தவர் தூக்கக் கலக்கத்தில் வரைந்திருக்கிறார் என்று நானாகவே திருத்தி, இரண்டு ஒற்றைக் கட்டில் செய்து, நடுவில் ஒரு மேஜையும் போட்டேன். இழைத்து, மெருகேற்றி, கால்களுக்குக் குமிழ் வைத்து. செட்டுக்குப் பொறுப்பான அம்மாள் வந்து பார்த்துவிட்டு, இது வீடா ஆஸ்பத்திரி வார்டா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் என்னை உட்காரவைத்து, அந்த இரண்டு பேரும் யார், எப்படி வாழ்கிறார்கள் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். எனக்குத் தெரியாதா என்ன? என் மகனே அப்படித்தான் வாழ்கிறான் என்று சொல்லியிருக்கலாம். தெரியாதவன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன். அது என் தப்பு.

கட்டிலை மறுபடியும் செய்தேன். ஒரே கட்டில். நல்ல கட்டில்.

மீதிக் கதையைக் கேள். அந்த இரண்டு பேரில் ஒருவனுடைய அம்மா, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. கதை எழுதுகிற பெண்ணைத் தேடிப் பிடித்து, உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இதுவரை மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள் ஐயா, நீங்கள் நாலாவது என்றாள். நான் ரம்பத்தைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த அப்பன்காரன் வீட்டு வாசலில் படப்பிடிப்பு. மகனும் அவன் துணையும் முதல் தடவையாக வருகிறார்கள், அப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்பனாக நடிக்கிறவர் தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. விருந்தாளியை வரவேற்கிற மாதிரியே நிற்கிறார். ஏழு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. டைரக்டர் சலித்துப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நான் கண்ணில் பட்டேன். மேஸ்திரி, நீங்க கொஞ்சம் நின்னு காட்டுங்க என்றார்.

நின்றேன். வலது கையை நிலையில் குறுக்கே ஊன்றி, காலைக் கொஞ்சம் அகட்டி, வந்தவன் முகத்தைப் பார்க்காமல் அவன் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நடிகர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

டீ குடிக்கப் போகிறேன் என்று சுவருக்குப் பின்னால் போய்ப் பலகைமேல் உட்கார்ந்துகொண்டேன். டீ ஆறிப்போனது. அவமானமாக இருந்தது. நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அது எனக்கு அவமானமாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நம் வாசலில் நடந்தது உனக்கும் மறந்திருக்காது. மகன் உள்ளே வந்துவிட்டான். பின்னாலேயே வந்த நெட்டையன் நெற்றியில் நம் நிலை இடித்தது. நம் வீட்டில் எல்லாரும் குள்ளம், நிலையும் குள்ளம். என் உயரத்துக்கு அளந்து நானே வைத்தது. அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே நான் கையைக் குறுக்கே நீட்டினேன். "இவன் மட்டும் வந்தா போதும்." அவ்வளவுதான் சொன்னேன். நம் பிள்ளை என் கைக்கு அடியில் குனிந்து வெளியே போய்விட்டான். நீ செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாய். நான் கதவைச் சாத்தினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீ என்னைத் திட்டுவாயே, அந்த முயலை நாலு வருஷம் வளர்த்தேன்.

மரத்தில் எது இடித்தாலும், சத்தத்தை வைத்தே அடி பலமா லேசா என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு அது பலமான அடி.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். புதன், வியாழன் இரண்டு நாள் லீவு போட்டேன். வாசலுக்கு மேலே காற்றுக்காக வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, நிலையின் மேல்கட்டையை உயரத் தூக்கிவிட்டேன். அளவு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நெற்றி இடித்தது என்றால் அதற்கு மேலே நாலு விரல் தலை. தலைக்கு மேலே நாலு விரல் காற்று. மொத்தம் எட்டு விரல், அரை அடி. கதவு கட்டையாகிவிட்டது, மேலே ஒரு பலகையைச் சேர்த்திருக்கிறேன். ஒட்டு தெரிகிறது. தெரியட்டும், வண்ணம் அடித்து மறைக்கப் போவதில்லை.

எதிர்வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக வந்து, வயசான காலத்தில் என்ன வேலை இது, யாருக்காக என்று விசாரித்தார். உயரமான ஆள் ஒருத்தர் வரப்போகிறார் என்றேன். யாரது என்றார். என் மகனுடைய ஜோடி என்றேன். தெருவில் நின்று, நல்ல வெளிச்சத்தில், உரக்கவே சொன்னேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது, இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று.

நம் மகனிடம் சொல்: தொடரில் அந்த அப்பன் கடைசியில் என்ன செய்கிறான் என்று கதை எழுதுகிற பெண் இன்னும் முடிவு செய்யவில்லையாம். என்னைக் கேட்டாள். கொஞ்சம் பொறு, எங்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் என்மேல் கோபமாக இருக்கட்டும், அது நியாயம். வந்து உட்கார்ந்து கோபப்படட்டும். அவனுடைய நாற்காலியின் ஆட்டத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுதுவது உனக்கு இல்லை. கடிதத்தை நெட்டையன் கையில் கொடு. கொடுத்தாயா?

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக நம் வீட்டுக்கு வாருங்கள். நானே கூப்பிடுகிறேன். நீ குனிய வேண்டாம், நிமிர்ந்தே உள்ளே வரலாம். நிலை இடித்தால் என்னைக் கேள்.

யார் வீட்டு வாசலில் யார் இடித்துக்கொண்டாலும், பகையாளியாகவே இருந்தாலும், முதலில் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு நான் அதைக்கூடக் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன்.

ரொம்ப வலித்ததா, தம்பி?

வாசலை அடைக்காமல் ஓரமாக நிற்கும்,
உன் மாமா